அப்பாவிடம் மிஞ்சிய சொல்

அன்று காலை நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அதை முதலில் சொல்லாமல் அப்பாவைப் பற்றி வேறு எதையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிங்காநல்லூரில் திருச்சி ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. நான் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தம்பி, கணபதி என்ற பகுதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஞாயிறு என்பதால் எல்லோரும் வீட்டில் இருந்தோம். அப்பா தட்டுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்க, தோசை ஊத்தட்டுங்களா, இட்லியே போதுமுங்களா?" என்று கேட்டாள்.

அப்பா நிமிர்ந்து பார்த்து, "பல்லடம்" என்றார்.

தம்பிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அம்மா சளைக்காமல், "பல்லடத்துக்கு இன்னும் மாவு ஆட்டலீங்க" என்றாள். அப்பா மறுபடியும், இன்னும் அழுத்தமாக, "பல்லடம்" என்றார். நான் கண்டக்டர் குரலில், "சூலூர், காரணம்பேட்டை, பல்லடமெல்லாம் ஏறு" என்று கத்தினேன். தம்பி தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அப்பா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிரிப்பு வராத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேலி செய்வது அவருடைய வழக்கம். அதைத்தான் செய்கிறார் என்று நினைத்தேன். பிறகு அவர் கையிலிருந்த டம்ளர் நழுவியது. வாயின் வலது ஓரத்தில் தண்ணீர் வழிந்து சட்டையில் இறங்கியது. அவர் அதைத் துடைக்கவில்லை.

எவ்வளவு நேரம் சிரித்தோம் என்று பின்னால் பலமுறை பேசியிருக்கிறோம். அரை நிமிஷம்கூட இருக்காது என்பான் தம்பி. எனக்கு அது ஐந்து நிமிஷத்துக்குக் குறையாமல் நினைவிருக்கிறது. அம்மாவோ, "நம்ம எங்க கண்ணு சிரிச்சோம்? டம்ளர் உழுந்ததும் நாந்தானே ஓடியாந்து புடிச்சேன்" என்பாள். ஒரே அறையில் இருந்த மூன்று பேர். யார் சொல்வது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஏன் சிரித்தோம் என்று புரிய வேண்டுமானால் அப்பா எப்படிப்பட்டவர் என்று சொல்ல வேண்டும்.

அவர் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். ஷிப்ட் முடிந்தால் நேராக வீடு. டீக்கடையில்கூட நிற்க மாட்டார். வந்ததும் கை கால் கழுவிவிட்டு அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பார். நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்வரை எனக்குத் தலை பின்னிவிட்டது அவர்தான். அம்மா பின்னினால் இறுக்கமாக இருக்கும் என்று நான் அழுவேன். இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஆர்மோனியப் பெட்டியை எடுப்பார். அவருக்கு யாரும் முறையாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கோயில் நோம்பி, திருவிழாக்களில் வாசிப்பவர்களின் விரல்களைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாராம். சனிக்கிழமை தோறும் பெருமாள் கோயில் பஜனையில் வாசிப்பார். சொந்தக்காரர்கள் வீட்டு நலங்குகளில் வாசிப்பார். தாம்பூலப் பையைத் தவிர எதையும் கையில் வாங்க மாட்டார்.

வெளியே வாசித்ததைவிட வீட்டுக்குள் அவர் கட்டிய பாட்டுகள்தான் எங்களுக்கு முக்கியம். எல்லாவற்றுக்கும் இரண்டு வரி வைத்திருப்பார். நான் கண்ணாடி முன்னால் நின்றால், "பஸ்ஸு போகுது கண்ணு, பவுடர் போதும் கண்ணு" என்று பெட்டி பாடும். அம்மா கோபமாக இருந்தால் அதற்கு ஒரு பாட்டு. தண்ணீர் வராத நாளுக்கு ஒன்று. மில்லில் யாராவது ஓய்வுபெற்றால் அவர்களுடைய பழக்கங்களையெல்லாம் கோர்த்து ஒரு பாட்டு எழுதிக்கொடுப்பார். அதைக் கேட்டு அந்த மனிதர் அழாமல் வீட்டுக்குப் போனதாக எனக்கு நினைவில்லை. ஒரு தீபாவளியன்று காலையிலிருந்து சாயங்காலம்வரை யார் எதைக் கேட்டாலும் "சரிங்க ஆபீசர்" என்று மட்டுமே பதில் சொல்லி எங்களைப் பைத்தியமாக்கினார். அப்படிப்பட்டவர் இட்லிக்குப் பதிலாகப் பல்லடம் என்று சொன்னால் வீட்டில் என்ன செய்வார்கள்? சிரிப்பார்கள்.

பக்கவாதம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் பிறகு ஓரளவு வந்தது. கை வரவேயில்லை. பேச்சில் மிஞ்சியது அந்த ஒரே ஒரு சொல்.

டாக்டர் பேரைக் கேட்டார். "பல்லடம்." இது யாரு என்று அம்மாவைக் காட்டினார். "பல்லடம்." வலிக்கிறதா என்றார். "பல்லடம், பல்லடம்." ஆனால் ஒவ்வொரு பல்லடமும் ஒரே மாதிரி இல்லை. கேள்வியாக ஒரு பல்லடம், கோபமாக ஒன்று, கெஞ்சலாக ஒன்று. சொல்லைக் கேட்காமல் ராகத்தை மட்டும் கேட்டால் அவர் வழக்கம்போலப் பேசிக்கொண்டிருக்கிறார் என்றே தோன்றும். சில சமயம் சொல்லிவிட்டு, திடுக்கிட்டவர் மாதிரி இடது கையால் வாயைப் பொத்திக்கொள்வார். சில சமயம் சரியாகத்தான் சொல்லிவிட்டோம் என்ற முகத்தோடு, நாங்கள் ஏன் இன்னும் நிற்கிறோம் என்று காத்திருப்பார். எந்த நேரத்தில் எது என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

செய்தி கேட்டு அத்தை ஓடிவந்தார். அப்பாவின் ஒரே அக்கா. பல்லடத்தில் விசைத்தறி ஓட்டும் குடும்பம் அவர்களுடையது. கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றதும் அப்பா "பல்லடம்" என்றார். அத்தை அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "என்ர தம்பி என்னையத்தான் கேட்டிருக்குது பாருங்க. அக்கா வந்துட்டேன் சாமி, பக்கத்துலயேதான் இருக்கறேன்" என்று அழுதார். பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அம்மா வராந்தாவுக்கு வந்துவிட்டாள். நானும் பின்னாலேயே போனேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி சொன்னாள்: "இத்தன வருசம் கூடவே இருந்துருக்கறேன். ஒருக்கா அம்மணின்னு கூப்புட்டாருன்னாப் போதும் கண்ணு. அது வரமாட்டேங்குது. ஊரு பேரு வருது."



பார்க்க வந்த சொந்தக்கார உறம்பரைகள் சும்மா இருக்கவில்லை. "பல்லடத்துல காடு கீடு ஏதாச்சும் வாங்கிப் போட்டிருந்தாருங்களா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொரு அம்மாள் குரலைத் தாழ்த்தி, "ஆம்பளைங்க மனசுல என்ன இருக்குதுன்னு நாம கண்டமா" என்றுவிட்டு மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. நிறுத்தியதுதான் அம்மாவைத் தின்றது.

அப்பாவோடு இருபது வருஷமாகத் தபேலா வாசித்தவர் ஒருவர் உண்டு. தபால் ஆபீசில் வேலை. நானும் தம்பியும் அவரைத் தபேலா மாமா என்போம். அவர் வந்தபோது அம்மா நேரடியாகவே கேட்டுவிட்டாள். "அண்ணா, உங்களுக்குத் தெரியாம அவருக்கு ஒண்ணும் இருக்காதுங்க. பல்லடத்துல என்னங்க இருக்குது?"

மாமா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். "ஒரே ஒருக்கா ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போனமுங்க தங்கச்சி. சோத்துல கல்லாக் கெடந்துச்சு. வேற ஒண்ணும் ஞாபகம் வரலீங்க."

அவர் பொய் சொல்கிறாரா என்று அம்மா முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பகலெல்லாம் ஜீவனாம்ச மனுக்களும் விவாகரத்து மனுக்களும் டைப் அடித்துக்கொண்டிருந்தவள் நான். ஒழுங்காக வீடு திரும்பிய ஆண்களைப் பற்றி அந்தத் தாள்களில் என்னென்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தலை பின்னிவிட்ட அப்பாவைச் சில வாரங்கள் நானும் அந்தத் தாள்களில் ஒன்றாக வைத்துப் பார்த்தேன்.

டாக்டரிடம் கேட்டதற்கு அவர் பொறுமையாகவே விளக்கினார். "இப்ப அது ஊர்ப்பேரு இல்லீங்கம்மா. பேச்சு இருக்கற எடம் அடிபட்டப்ப நாக்குல எது நின்னுச்சோ அது மட்டும் ஒட்டிக்கிச்சு. சில பேருக்கு இப்படி ஒரே சொல்லா நின்னுபோயிரும். அதுக்கு அர்த்தம் தேடாதீங்க."

வீட்டுக்கு முன்னால் திருச்சி ரோட்டில் சில நிமிஷத்துக்கு ஒரு பல்லடம் பஸ் போகும். கண்டக்டர்கள் கத்துவது உள்ளே கேட்கும். அன்று காலையும் ஒரு பஸ் போயிருக்கலாம், அந்தக் கத்தல் அவர் நாக்கில் நின்றிருக்கலாம் என்று தம்பி சொன்னான். நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அதே கத்தலை நாங்களும்தான் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அப்பாவைக் கைத்தாங்கலாக நடக்கவைக்க முடிந்ததும் அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். "ஒருக்காப் பல்லடத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தரலாம். ஆசையா இருந்தாத் தீரட்டும். இல்லீன்னாலும் தெரிஞ்சு போயிரும்."

நாங்கள் நால்வரும் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அப்பா ஜன்னலோரம் சந்தோஷமாகத்தான் இருந்தார். பல்லடம் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றது. தம்பி அவர் தோளைப் பிடித்து எழுப்பினான். அப்பா முன் சீட்டுக் கம்பியை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு மாட்டேன் என்று தலையாட்டினார்.

"பல்லடம்! பல்லடம்!"

கண்டக்டர், "பல்லடந்தானுங்க பெரியவரே, எறங்குங்க" என்றார்.

"பல்லடம்!" அப்பாவின் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஆமாங்க, இதேதான் பல்லடம். ஏனுங்க, அவருக்குக் காது கேக்காதுங்களா?"

பஸ்ஸே எங்களைத் திரும்பிப் பார்த்தது. அம்மா குனிந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து எடுத்தாள். எங்கேயோ கூட்டிப்போய் விட்டுவிட்டு வரப்போகிறோம் என்று பயந்தாரா? இல்லை, இங்கே யாரையோ பார்க்க நேரும் என்று பயந்தாரா? இரண்டையும் நினைத்தேன். இரண்டாவதை நினைத்ததற்காக இன்றும் கூசுகிறேன்.

அத்தை வீட்டில் தறிச் சத்தத்துக்கு நடுவே அவர் மரியாதையாக, வேற்று ஊருக்கு வந்த விருந்தாளி போல உட்கார்ந்திருந்தார். கொடுத்ததைச் சாப்பிட்டார். யாரையும் தேடவில்லை. சாயங்காலம் சிங்காநல்லூரில் இறங்கி எங்கள் கேட்டைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, அம்மாவின் தோளைத் தட்டி, "பல்லடம்" என்றார். வீடு வந்துவிட்டது என்று சொல்கிறாரோ என்னவோ. அம்மா என்னைப் பார்த்தாள். போனதில் ஒன்றும் தெளியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை தபேலா மாமா வந்திருந்தார். பேச ஒன்றும் கிடைக்காமல், பக்கத்திலிருந்த எவர்சில்வர் டப்பா மூடியில் தாளம் போட்டபடி பஜனைப் பாட்டு ஒன்றை மெல்ல முணுமுணுத்தார். இரண்டாவது வரியில் அப்பா சேர்ந்துகொண்டார். வார்த்தையோடு. முழுப் பாட்டும், ஒரு சொல் பிசகாமல், கணீரென்று.

மாமாவின் கை நின்றுவிட்டது. அப்பா நிற்கவில்லை. சரணத்தையும் முடித்துவிட்டுத்தான் ஓய்ந்தார். அம்மா அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். "ஏனுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து அவர் முன்னால் உட்கார்ந்தாள். "பேச்சு வந்துருச்சுங்களா? சொல்லுங்க, என்னைய என்னன்னு கூப்புடுவீங்க?"

அப்பா ஆவலோடு வாயைத் திறந்தார். "பல்லடம்."

இதுதான் எங்களை எல்லாவற்றையும்விடக் குழப்பியது. ஒன்றும் வரவில்லை என்றால் அழுதுவிட்டுப் பழகிக்கொள்ளலாம். பாட்டு வருகிறது, பேச்சு வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? நடிக்கிறார் என்று தெருவில் சிலர் சொன்னார்கள். தம்பியே சில நாட்கள் அப்படி நம்பினான். ஒருநாள் பட்டறையிலிருந்து வந்து எண்ணெய்க் கையோடு அவர் முன்னால் நின்று, "அப்பா, வெளையாண்டது போதுமுங்க. எங்களால முடியல. பேசுங்கப்பா" என்றான். அப்பா அவனைப் பார்த்து வாயை இரண்டு மூன்று முறை திறந்து மூடினார். பிறகு அழுதார். தம்பி வெளியே போய்ச் சைக்கிளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் யாரிடம் போவதென்று தெரியாமல் நடையில் நின்றேன்.

டாக்டருக்கு ஆச்சரியம் இல்லை. "பாட்டு மூளையில வேற எடத்துல இருக்குதுங்க. அந்த வழி அடைபடல. எதுக்கும் நீங்க கேக்கறதப் பாட்டாவே கேட்டுப் பாருங்களேன்."

அம்மா பாடி நான் கேட்டதேயில்லை. எங்களுக்குத் தாலாட்டுக்கூட அப்பாதான் பாடினார். அவர் இருக்கும் வீட்டில் இன்னொருவர் வாயைத் திறக்க அவசியமில்லை என்பாள். அன்று மதியம் ஜன்னலையெல்லாம் சாத்தினாள். வாசல் கதவைத் தாழ்போட்டாள். என்னைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னாள். நான் திரும்பினேன். பிறகு, எனக்கு அப்பா கட்டிய பவுடர் பாட்டின் மெட்டில், நடுங்கிக்கொண்டு ஒரு குரல் வந்தது:

"சோறு போடட்டுங்களா, ரசம் ஊத்தட்டுங்களா..."

நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையின் ஆள்காட்டி விரலை மேலே தூக்கினார். அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. "சுதி கம்மியா இருக்குதாம், அம்மா. மேல தூக்கிப் பாடச் சொல்றாரு."

அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு மேலே பாடினாள். அப்பா தலையாட்டினார். அதே மெட்டில் திருப்பிப் பாடினார்:

"போடு அம்மணி... போடு அம்மணி..."

அம்மா எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. அவள் வெளியே வர வெகு நேரமாயிற்று. வந்தபோது முந்தானை முழுக்க நனைந்திருந்தது. சோறு போட்டாள்.

அதிலிருந்து எங்கள் வீடு பாட்டிலேயே ஓடியது. குளிக்க, மருந்து குடிக்க, மின்விசிறி போட என்று எல்லாவற்றுக்கும் பாட்டு. பால்காரர் கொஞ்ச நாள் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டுப் போனார். பிறகு அவருக்கும் பழகிவிட்டது. ஆர்மோனியத்தையும் எடுத்தோம். நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து துருத்தியை இயக்குவேன். அப்பா இடது கையால் கட்டைகளை அழுத்துவார். வலது கைக்குத் தெரிந்ததெல்லாம் இடது கைக்குத் தெரியவில்லை. தப்பான கட்டையில் விரல் விழும்போதெல்லாம் எரிச்சலோடு அந்த விரலை முறைப்பார். என் துருத்தியும் சரியில்லை என்பார், சுருக்கமாக, "பல்லடம்" என்று.

ஒரு வருஷத்தில் நாற்பது சொல் போலத் தேறியது. எல்லாம் பாட்டில் மட்டும். ஆனால் பாட்டில் வந்த சொல்லையும் அப்படியே நம்ப முடியவில்லை. "வேண்டாம்" என்று பாடிக்கொண்டே தட்டை வாங்குவார். "ஆமா ஆமா" என்று பாடிக்கொண்டு தலையை இல்லையென்று ஆட்டுவார். ஒருநாள் அம்மா தைரியமாக, மனதில் கிடந்ததைப் பாட்டாகவே கேட்டுவிட்டாள்: "பல்லடத்துல என்னங்க இருக்குது, எனக்குத் தெரியாம என்னங்க இருக்குது?" அப்பா கவனமாகக் கேட்டார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் அதே வரியை, அவள் சறுக்கிய இடத்தைத் திருத்தி, அழகாக ஒரு சங்கதி போட்டுப் பாடிக் காட்டினார். அவ்வளவுதான் பதில். அம்மாவும் சிரித்துவிட்டாள். அதன்பின் அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவளுக்கு எந்தப் பதில் கிடைத்தது என்று எனக்குத் தெரியவில்லை.

என் கேள்வி வேறு.

அந்தச் சமயத்தில் பவானியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அடக்கமாக இருந்தார். உள்ளே வந்ததும் அப்பாவின் பக்கத்தில் போய்க் குனிந்து, "நல்லா இருக்கறீங்களா?" என்று நிஜமாகவே பதிலை எதிர்பார்ப்பவர் போலக் கேட்டார். அதிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. பேச்செல்லாம் நன்றாகப் போயிற்று. நான் காப்பித் தட்டோடு வந்து நின்றேன். அவருடைய அம்மா, "பொண்ணுக்கு எங்க பையனப் புடிச்சிருக்குதுங்களா?" என்று கேட்டார். அதே நேரத்தில் நான் அப்பாவிடம் காப்பியை நீட்டினேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு உரக்கப் பாடினார்:

"வேண்டாம்... வேண்டாம்... வேண்டாம் கண்ணு..."

அம்மா, "அது காப்பியச் சொல்றாருங்க. அவரு அப்படித்தானுங்க, ஒண்ணு சொன்னா ஒண்ணு வரும்" என்று தடுமாறினாள். அவர்கள் சிரித்துத் தலையாட்டிவிட்டுத்தான் போனார்கள். பிறகு ஆள் அனுப்பவில்லை.

நான் நான்கைந்து நாட்கள் பொறுத்தேன். வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம் அப்பா எதிரில் உட்கார்ந்து மெட்டில் கேட்டேன்: "அந்த மாப்பிள்ளை வேண்டாங்களாப்பா?"

"வேண்டாம்" என்று பாடினார்.

"காப்பி வேண்டாங்களா?"

"வேண்டாம்."

"எனக்குக் கல்யாணமே வேண்டாங்களா?"

"வேண்டாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று தெரியாத கோபம். "அப்ப நான் வேண்டாங்களா?" என்று பாடினேன். பாடினேனா கத்தினேனா என்று நினைவில்லை.

அப்பா பாடவில்லை. என் தலைமுடியை இடது கையால் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார். பிறகு, சத்தமே இல்லாத மாதிரி, பேச்சாகச் சொன்னார். "பல்லடம்."

நான் அவர் மடியில் தலைவைத்து அழுதேன். அந்தச் சொல்லை அன்று நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்று எழுதிப் பார்க்கிறேன், எழுத வரவில்லை. அது பதிலாக இருந்தது. எந்தக் கேள்விக்கு என்றுதான் தெரியவில்லை.

மொத்தம் இரண்டு வருஷத்துக்குச் சற்று அதிகமாக இருந்தார். இரண்டாவது முறை பக்கவாதம் வந்தபோது பாட்டும் போயிற்று. மூன்றாம் நாள் காலையில் ஆஸ்பத்திரியில் இறந்தார். அம்மா அந்த மூன்று நாளும் அவர் காதோரம் பாடிக்கொண்டே இருந்தாள். வார்டில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற கூச்சமெல்லாம் அவளிடம் இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பஜனைக்காரர்கள் வந்தார்கள். மில் ஆட்கள், தெருக்காரர்கள், யார் யாரோ. தபேலா மாமா பாடையருகே உட்கார்ந்து, "ஒரு பாட்டுப் பாடறமுங்க தங்கச்சி, அவருக்குப் புடிச்சது" என்றார். அம்மா வேண்டாமென்று கையசைத்தாள்.

"பாடாதீங்கண்ணா. ரெண்டு வருசம் பாடியாச்சு. பேசுங்க. அவரப் பத்தி ஆளுக்கு ஒண்ணு பேசுங்க, நான் கேக்கறேன்."

இழவு வீட்டில் அப்படி யாரும் கேட்டதில்லை. முதலில் தயங்கினார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். மில்லில் கூட வேலைசெய்த ஒருவர், அவருக்குக் கோபம் வந்தால் ஸ்பேனரை வீசிவிடுவார் என்றார். வீட்டில் அவர் ஒரு டம்ளரைக்கூட வீசியதில்லை. அத்தை, சின்ன வயசில் அவனுக்குப் பாட்டென்றாலே ஆகாது, கூத்துப் பார்க்கக் கூப்பிட்டால் தூங்கிவிடுவான் என்றார். தபேலா மாமா, மேடையேறும்போதெல்லாம் அவருக்குக் கை நடுங்கும், அதை மறைக்கத்தான் முதல் பாட்டை வேகமாக எடுப்பார் என்றார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ஏற்கெனவே தெரிந்ததைக் கேட்பவள் மாதிரியும் இருந்தது, ஒன்றுமே தெரியாதவள் மாதிரியும் இருந்தது. நானோ ஒவ்வொரு பேச்சுக்கும் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், இவர் எந்த ஆள் என்று.

அடுத்த வருஷம் சூலூரில் எனக்குக் கல்யாணமானது. அம்மா தம்பியோடு இருந்தாள். ஒருமுறை நான் அங்கே போயிருந்தபோது ஒண்டிப்புதூரிலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார். அவர் வீட்டுக்காரருக்கும் பக்கவாதம், பேச்சுப் போய்விட்டதாம். யாரோ அம்மாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். எப்படிப் பாட வைப்பது என்று கேட்டார்.

"அவரு முன்னால பாடுவாருங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லீங்க. மார்க்கெட்டுல தக்காளி மண்டி."

அம்மா யோசித்தாள். "எனக்கு அதெல்லாம் சொல்லத் தெரியாதுங்களே. மொதல்ல நீங்க ஜன்னலச் சாத்திட்டுப் பாடிப் பாருங்க. நானும் வாரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு அந்த அம்மாளோடேயே கிளம்பிப் போய்விட்டாள்.

மூன்று மணிநேரம் கழித்துத் திரும்பி வந்து, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். நான் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அந்த மனுசனுக்கு ஒண்ணும் வரல கண்ணு. சும்மா பாத்துட்டே இருக்கறாரு. புரியுதா புரியலியான்னே தெரியல." டம்ளரைக் கீழே வைத்தாள். "ஆனா அந்தம்மா என்னமா பாடறாங்க தெரியுமா. அவங்களுக்கே தெரியாதாமா, இத்தன நாளா."

நாளைக்கும் வரச்சொல்லியிருக்கிறார்களாம். போகிறேன் என்றாள்.